முதல் மடக்குத் தண்ணீர்

ஆப்பிரிக்காவில் ஆறு வருடம் இருந்தேன் என்று சொன்னால் தென்காசியில் யாரும் அடுத்த கேள்வியை யோசித்துக் கேட்பதில்லை. சிங்கம் பார்த்தீர்களா என்பதுதான் கேள்வி. நான் இருந்தது பெனின் என்ற நாட்டில், பராக்கூ என்ற ஊரில். அங்கே நான் பார்த்த மிகப் பெரிய மிருகம் எங்கள் தெருவை மறித்துப் படுத்திருந்த ஒரு செம்மறிக் கடா. ஆப்பிரிக்கா ஒரு நாடு இல்லை, ஐம்பத்துச் சொச்சம் நாடுகள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்து, கடைசியில் "ஆமா, சிங்கம் தினமும் வந்து பால் ஊத்திட்டுப் போவும்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அதையும் நம்பிய ஆட்கள் உண்டு.

மதினி மட்டும் சிங்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. போன வருடம் சாரல் தொடங்கிய ஒரு காலையில் என் வீட்டு அடுப்படிக்கு வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஏட்டி, அங்கன மல்லி கிடைக்குமா? பொடி இல்ல, முழு மல்லி" என்று கேட்டாள்.

மதினி என் அண்ணன் மனைவி. அண்ணன் கடையத்துப் பக்கம் ஒரு தேங்காய் நார் ஆலையில் மெக்கானிக்காக இருந்தவன். எந்திரத்தின் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லுவான். ஆலையை மூடி இரண்டு வருடம் ஆகிவிட்டது. அதன் பிறகு அவன் தினமும் காலையில் பைக்கைத் துடைப்பான், ஸ்டார்ட் செய்து சத்தத்தைக் கேட்பான், அணைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வான். மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் அவனும் மதினியும் மட்டும். போகப்போக அவன் பேச்சு குறைந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் வரும், அவ்வளவுதான். எனக்கு அவனைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அப்போதுதான் பராக்கூவிலிருந்து வேலை வந்தது. என் கணவர் கொல்லத்து முந்திரி ஆலை ஒன்றுக்காக அங்கே கொட்டை வாங்கிக்கொண்டிருந்தவர். ஓட்டோடு இருக்கும் கொட்டையைக் கொல்லத்துக்காரர்கள் தோட்டண்டி என்பார்கள். தூத்துக்குடியில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு எங்கள் ஊர் வழியாகக் கேரள எல்லையின் புளியறை செக்போஸ்ட்டைத் தாண்டும் லாரிகளைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அது எந்த ஊர்க் கொட்டை என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காத குற்றத்துக்குத் தண்டனையாகக் கல்யாணம் ஆகி அங்கேயே போய்ச் சேர்ந்தேன். இப்போது அந்த நாட்டுக்காரர்கள் விவரமாகிவிட்டார்கள். கொட்டையை அப்படியே வெளியே விடாமல் அங்கேயே உடைத்துப் பருப்பாக்கி அனுப்புகிறார்கள். புதிய ஆலைகளுக்கு பாய்லர் தெரிந்த ஆள் வேண்டும். என் கணவர் அண்ணன் பெயரைச் சொன்னார்.

அண்ணன் உடனே சரி என்றான். அடுத்த நிமிடம், "அவ வந்தா போறேன். வரலைன்னா வேண்டாம்" என்றான். அவனுக்குச் சர்க்கரை உண்டு. வெந்நீர் வைக்கவும் தெரியாது. மதினியோ மதுரையைத் தாண்டாதவள். ஆடி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். ஆக, அண்ணன் மறுபடி மனுஷனாக எழுந்து வேலைக்குப் போவதும், பைக்கைத் துடைத்தே மிச்ச காலத்தைக் கழிப்பதும், முழு மல்லி கிடைக்குமா என்று கேட்ட அந்த அம்மாள் கையில் இருந்தது.

"கிடைக்காது மதினி. கொண்டு போயிரலாம்" என்றேன். அன்றிலிருந்து தினமும் காலைப் பலகாரம் முடிந்ததும் வந்துவிடுவாள். அவள் கேட்பாள், நான் சொல்லுவேன்.

முதலில் வரைபடம். அடுப்பங்கரை மேடையில் ஒரு முருங்கைக்காயை நிறுத்திக் காட்டினேன். இதுதான் பெனின், ஒல்லியாக, நீளமாக. காலடியில் கடல். கடலோரம் கொத்தனூ என்ற பெரிய பட்டணம், விமானம் அங்கேதான் இறங்கும். பராக்கூ, முருங்கைக்காயின் நடுவுக்குச் சற்று மேலே. வலது பக்கம் நைஜீரியா. மதினி முருங்கைக்காயை நடுவில் ஒடித்து, "இவ்வளவு தூரம் பஸ்ஸுலயா?" என்றாள். ஒரு பகல் முழுக்க என்றேன். மதியச் சாம்பாரில் பெனின் வெந்தது.

எதை முதலில் சொல்வது என்று திட்டம் எதுவும் இல்லை. கொத்தனூவில் மஞ்சள் சட்டை போட்டவர்கள் பைக்கைத்தான் டாக்சியாக ஓட்டுகிறார்கள் என்றேன். சேலை கட்டிக்கொண்டு அதில் ஒருபக்கமாக உட்கார்ந்து போன என்னைத் தெருவே நின்று பார்த்தது. சாலையோரம் கண்ணாடிப் பாட்டில்களில் பெட்ரோலை ஊற்றி வரிசையாக வைத்து விற்பார்கள். முதல் நாள் நான் அதை நன்னாரி சர்பத் என்று நினைத்து நிறுத்தச் சொன்னேன். இதைக் கேட்டு அண்ணன் சிரித்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்த சத்தம் அது. மதினியைக் கொண்டுவந்து விட்டவன் வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஏரிக்கு நடுவே கம்பு நட்டு அதன் மேல் வீடு கட்டி ஒரு ஊரே வாழ்கிறது என்றேன். கான்வியே என்று பெயர். காய்கறிச் சந்தை படகில், குழந்தை பள்ளிக்கூடம் போவது படகில், பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போடுவதும் படகில் நின்றுதான். பழைய காலத்தில் ஆள்பிடிக்க வந்தவர்களிடமிருந்து தப்பித்துத் தண்ணீருக்குள் போய்க் குடியேறியவர்களின் ஊர் அது. ஒய்தா என்ற ஊரின் கடற்கரையில் ஒரு பெரிய வாசல் கட்டி வைத்திருக்கிறார்கள். பிடிபட்டவர்கள் அந்தக் கரையில்தான் கப்பல் ஏறினார்கள், போனவர்கள் திரும்பவில்லை. அந்த வாசலுக்கு எதிரே நின்றபோது, என்னோடு வந்த அந்த நாட்டுக் குடும்பத்துப் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். நானும் கழற்றினேன். மதினி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்தச் சனம் இவ்வளவு பட்டுமா, நீ காட்டுன போட்டோவுல சிரிச்ச மொகமா இருக்கு?" என்றாள். ஆமாம் என்றேன்.

சிரித்த முகம் மட்டும் இல்லை. மரியாதை. அங்கே கடைக்குப் போய் நேரே "தக்காளி என்ன விலை" என்று கேட்க முடியாது. காலை வணக்கம் சொல்ல வேண்டும். நன்றாகத் தூங்கினாயா, வீட்டில் எல்லாரும் எப்படி, பிள்ளைகள் எப்படி, வேலை எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவள் கேட்பதற்கெல்லாம் பதிலும் சொல்லி முடித்த பிறகுதான் தக்காளி. அவசரக்காரியான எனக்கு முதலில் எரிச்சலாக வந்தது. ஆறு மாதம் கழித்து ஊருக்குப் பேசும்போது அம்மா எடுத்ததும் "பணம் அனுப்பியாச்சா" என்று கேட்டபோது, "மொதல்ல நல்லா இருக்கியான்னு கேளும்மா" என்று எரிந்து விழுந்தேன். அந்த அளவுக்குக் கெட்டுப்போயிருந்தேன், அல்லது தேறியிருந்தேன்.

இடது கையால் கொடுப்பதும் வாங்குவதும் நம்மைப் போலவே அங்கேயும் ஆகாது. மதினிக்கு இது பெரிய நிம்மதி. "பொறவு என்ன, நம்ம சனந்தான்" என்றாள். கல்யாணத்துக்கு வீட்டார் அத்தனை பேரும் ஒரே துணியில் தைத்துப் போட்டுக்கொள்வதைச் சொன்னதும் புடவைக் கடைக்காரி மாதிரி விசாரித்தாள். எங்கள் குடும்பத்தில் மரக்கறி மட்டும்தான், அதனால் சாப்பாட்டைப் பற்றித்தான் மூன்று நாள் ஓடியது. பராக்கூவில் பெருவள்ளி போன்ற ஒரு கிழங்கை அவித்து, உரலில் போட்டு இரண்டு மூன்று பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போட்டு, வெண்ணெய் மாதிரி இடித்து எடுப்பார்கள். அந்த உலக்கைச் சத்தத்தில்தான் ஊருக்கு மத்தியானம் வரும். மாடு மேய்க்கும் பெண்கள் வட்டு வட்டாகப் பாற்கட்டி செய்து, மேலே சிவப்புச் சாயம் ஏற்றித் தலையில் சுமந்து வருவார்கள். அதை நம் மிளகாய்ப்பொடியில் புரட்டி நல்லெண்ணெயில் பொரித்தால் அண்ணன் நாலு இட்லி கூடுதலாகச் சாப்பிடுவான். மார்கழி, தையில் பாலைவனத்திலிருந்து புழுதிக் காற்று வரும், உதடு வெடிக்கும், துவைத்த துணி காய்வதற்குள் சிவந்துவிடும். கொசுவலை இல்லாமல் ஒரு நாளும் படுக்கக் கூடாது. மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டு அந்த மஞ்சள் அட்டையை பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும், அது இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். நாட்டின் வடக்கு எல்லைப் பக்கம் இப்போது கலவரம், அங்கே போகக் கூடாது. இவ்வளவும் சொன்னேன்.

ஒரு காலையில் மதினி முக்காலியில் உட்காரவில்லை. நின்றபடி, "ஏட்டி, நீ சொல்லுததெல்லாம் கல்யாணத் தரகர் பேச்சு மாதிரியே இருக்கு. மாப்பிள்ளைக்கு ஒரு கொறையும் கிடையாதாக்கும்?" என்றாள்.

"கொசு சொன்னேம்லா, புழுதி சொன்னேம்லா?"

"அது ஊரு பண்ணுதது. நீ பண்ணுனது ஒண்ணு சொல்லு. அங்கன போயி நீ அசிங்கப்பட்டது ஏதாவது இருக்கும்லா, அதச் சொல்லு. அப்பத்தான் எனக்கு நம்பிக்கை வரும்."

ஒன்று இருந்தது. அதைத்தான் இத்தனை நாளும் மறைத்துக்கொண்டிருந்தேன். வெட்கம் ஒரு காரணம். மதினி யார் என்று தெரிந்ததால் வந்த பயம் இன்னொரு காரணம்.

எங்கள் குடும்பத்தில் எச்சில் என்பது சின்ன விஷயம் இல்லை. கோயில் காரியங்களில் முன்னால் நின்ற பழைய குடும்பம். நிலமெல்லாம் போய்விட்டது, எச்சில் பார்ப்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது. அண்ணாந்துதான் தண்ணீர் குடிக்க வேண்டும், தம்ளரில் உதடு படக் கூடாது. அதிலும் மதினி எங்கள் எல்லாரையும் மிஞ்சியவள். வந்த நாளிலிருந்து அண்ணன் வாய் வைத்த தம்ளரில்கூட அவள் குடித்ததில்லை. அடுத்தவர்கள் குடித்துவிட்டுக் கழுவி வைத்த தம்ளரை எடுத்துப் போய் மறுபடி ஒரு முறை கழுவுவாள்.

ஆனாலும் கேட்டுவிட்டாள். சொன்னேன்.

பராக்கூவில் நாங்கள் குடியிருந்த வளவில் முன்வீடு வீட்டுக்காரம்மாவுடையது. ஆகிருதியான பெண்மணி, சந்தையில் துணிக்கடை. மூத்த மகள் நைஜீரியா பக்கம் வியாபாரத்துக்குப் போய்வருகிறவள், அவளுக்கு இங்கிலீஷ் தெரியும். குடி போன மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரம்மா என்னை உட்கார வைத்து, ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். கொண்டுவந்தவள், என் கண்ணெதிரே அதில் வாய் வைத்து ஒரு மடக்குக் குடித்தாள். பிறகு அந்தக் கிண்ணத்தை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.

நான் கையை நீட்டவில்லை. "தாகம் இல்லை" என்றேன். மகள் அதை அப்படியே மொழிபெயர்த்தாள்.

அடுத்த முறை போனபோதும் அதேபோல் குடித்துவிட்டு நீட்டினாள். வெயில் கொளுத்தியது, இந்த முறை வாங்கினேன். வாங்கி, நம் வழக்கப்படி கிண்ணத்தை உயரத் தூக்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். வேடிக்கை பார்த்த பிள்ளைகள் கை தட்டிச் சிரித்தார்கள். வீட்டுக்காரம்மா சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்குத் தண்ணீர் வரவில்லை. வணக்கம் வந்தது, தூக்கம் எப்படி, வீட்டுக்காரர் எப்படி எல்லாம் வந்தது, மாம்பழம்கூட வந்தது. தண்ணீர் மட்டும் இல்லை. என் கண் முன்னால் மற்ற விருந்தாளிகளுக்கெல்லாம் கொடுப்பாள். அப்பாடா, பிழைத்தேன் என்று நான் சந்தோஷப்பட்டேன் என்பதுதான் வெட்கக்கேடு. ஏழு மாதம் கழித்து ஏதோ பேச்சில் மகளிடம், ஏன் எனக்கு மட்டும் கொடுப்பதில்லை என்று கேட்டேன். அவள் தயங்கித்தான் சொன்னாள். வந்தவருக்கு முன்னால் வீட்டுக்காரி முதல் மடக்கைக் குடித்துக் காட்டுவது, இதில் கெடுதல் இருந்தால் அது முதலில் எனக்கு வரட்டும் என்று சொல்வதற்காம். நீங்கள் முதல் நாள் வேண்டாம் என்றீர்கள். அடுத்த முறை எங்கள் கிண்ணத்தில் உதடே படாமல் குடித்தீர்கள். எங்கள் மேல் நம்பிக்கை இல்லாதவருக்கு அம்மா எப்படித் தண்ணீர் கொடுப்பார்?

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. போய் மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை.

அடுத்த மாதம் எனக்கு மலேரியா. கொட்டை சீசன் என்பதால் என் கணவர் கொள்முதலுக்காகக் கிராமங்களில் இருந்தார். கடையை மகளிடம் விட்டுவிட்டு வீட்டுக்காரம்மா என் கட்டிலருகே மூன்று பகலும் உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். பழக்கத்தில் வாயருகே கொண்டுபோனவள், சட்டென்று நினைவு வந்து நிறுத்தினாள். குடிக்காமல் அப்படியே என்னிடம் நீட்டினாள். என் வழக்கத்துக்காகத் தன் வழக்கத்தை விட்டுக்கொடுத்தாள். நான் அந்தக் கையைப் பிடித்து அவள் வாய்ப்பக்கமே திருப்பிவிட்டேன். அவள் ஒரு மடக்குக் குடித்தாள். பிறகு நான் குடித்தேன், உதடு வைத்து. அழுகை வந்தது. காய்ச்சல் வேகம் என்று சொல்லிக்கொண்டேன். காய்ச்சல் இல்லை அது.

சொல்லி முடித்தபோது மதினியின் முகம் இறுகியிருந்தது.

"அவ வாய் வச்சதையா குடிச்ச?"

"ஆமா."

"நானும் குடிக்கணுமோ?"

"அந்த வீட்டுலதான் ஒங்களுக்கும் எடம் பேசியிருக்கு. கொடுப்பா. கட்டாயம் கொடுப்பா."

மதினி கிளம்பிப் போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஒரு வாரம் முக்காலி அப்படியே கிடந்தது. கூறு கெட்டவளே, பாற்கட்டியோடு நிறுத்தியிருக்கக் கூடாதா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அண்ணன் வீட்டுக்குப் போனால் அவன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். "விடுட்டி, கெடக்கட்டும். அவள நெருக்காத" என்றான். அவன் அப்படி அமைதியாகச் சொன்னதுதான் என்னைக் கொன்றது.

ஆடி முடிய நாலு நாள் இருக்கும்போது மதினி போன் செய்தாள். "ஐந்தருவியில நல்லாத் தண்ணி விழுதாம். வாறியா?"

நல்ல கூட்டம். பெண்கள் பக்கம் வரிசையில் நின்று, இடிபட்டு, மிதிபட்டு, தலையைக் கொடுத்துக் குளித்துவிட்டு, ஈரச் சேலையோடு நடுங்கிக்கொண்டு வெளியே வந்தோம். அருவியில் நிற்கும்போதும் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் கேட்கப் பயந்தேன். கடைகளின் வரிசையில் மங்குஸ்தான் குவித்திருந்தது, மிளகாய் பஜ்ஜி பொரிந்துகொண்டிருந்தது. மதினி சுக்குக் காப்பி வாங்கினாள். ஒரே ஒரு பேப்பர் கப்.

ஒன்றுதான் வாங்கியிருக்கிறாளே, என் மேல் இன்னும் கோபம் போல என்று நினைத்தேன். மதினி சுற்றுமுற்றும் பார்த்தாள். தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு கப்பின் விளிம்பில் உதட்டை வைத்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரு மடக்குக் குடித்தாள். குடித்துவிட்டு இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.

"இந்தா. சரியாத்தான் கொடுக்கேனா?"

வாங்கினேன். வாங்கி, ஆறு வருடம் பராக்கூவில் இருந்தவள், ஒரு மாதமாக அவளுக்குப் பாடம் நடத்தியவள், கப்பை உயரத் தூக்கி அண்ணாந்து ஊற்றினேன்.

கொதிக்கிற சுக்குக் காப்பி மோவாயில், கழுத்தில், சட்டைக்குள் எல்லாம் போனது. ஐயோ என்று நான் போட்ட சத்தத்தில் பஜ்ஜிக்கடைக்காரர் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். மதினி முதலில் திகைத்து, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஈரத் தலையோடு, கண்ணில் தண்ணீர் வர, நிற்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நீதான் எனக்குச் சொல்லித் தாறவளாக்கும்! ஒன்னையே அந்த அம்மா எட்டு மாசத்துல மன்னிச்சிருக்கான்னா, என்னைய எப்படியும் ஒரு வருசத்துல மன்னிச்சிருவா. போறேன்னு ஒங்க அண்ணன்ட்ட சொல்லிரு."

மிச்சம் இருந்த இரண்டு மடக்கை அவள் எதிரிலேயே, விளிம்பில் உதட்டை வைத்துக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

ஐப்பசியில் கிளம்பினார்கள். பெட்டியில் துணியைவிட மல்லிதான் அதிகம். போய்ச் சேர்ந்த மறுநாள் வீடியோ காலில் மதினி வந்தாள். பின்னால் அண்ணன் ஆலைச் சட்டை போட்டுக்கொண்டு, மொழி தெரியாத யாரிடமோ கையை ஆட்டி ஆட்டி பாய்லரைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தான். நான் அவனைத்தான் முதலில் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லா இருக்கீங்களா, தூங்குனீங்களா, அண்ணன் எப்படி என்று எல்லாம் முறையாகக் கேட்டு முடித்த பிறகுதான் கேட்டேன்.

"தண்ணி கொண்டாந்தாளா?"

"கொண்டாந்தா."

"என்ன பண்ணுனிய?"

"என்ன பண்ண? குடிச்சேன். ஒன்ன மாதிரி மூஞ்சியில ஊத்திக்கிடவா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏட்டி, அந்த அம்மாவுக்கு வயசாயிட்டு. கை நடுங்குது. நான் யாருன்னு தெரிஞ்சதும் மக மூலமா ஒன்னையப் பத்தித்தான் கேட்டா" என்றாள்.

"என்ன கேட்டா?"

"அவளுக்கு இன்னும் தாகம் இல்லையாமான்னு கேக்கா."

இருக்கு என்று சொல்லச் சொன்னேன்.